பிரசாரம் என்ற பூச்சாண்டி

அரசியல் நுழைந்த இடத்திலே கலை செத்துவிடும் என்று தூய கலைவாதிகள் ஓயாது ஓதி வருகின்றனர். விவரணப் படங்களைப் பற்றிப் பேச்செழுந்தாலோ அவர்களது குரல் இன்னும் ஓங்குகிறது. பிரசாரம் என்ற ஒரு சொல்லை எறிந்துவிட்டால் படத்தைப் பாராமலே எழுந்து போய்விடலாமல்லவா! கியூபாவின் சந்தியாகோ அல்வாரெஸ் (1919–1998) ஆக்கிய குறும்படங்களை இவர்கள் முன் வைப்போம்.

நாற்பது வயதைக் கடந்த பின்னரே அவர் இத்துறைக்கு வந்தார். புரட்சி வென்ற 1959ஆம் ஆண்டிலே தோன்றிய கியூபத் திரைப்பட நிறுவனம், மறு ஆண்டில் வாராந்தச் செய்திப்படத்தை அவரிடம் ஒப்படைத்தது. செய்திப்படம் என்பது வாரம் கழிந்ததும் குப்பைக்குப் போகும் சரக்கு. அல்வாரெஸ் அப்படிக் கருதவில்லை. 1963இல் புளோரா புயல் கியூபாவைச் சூறையாடிய காட்சிகளை, வர்ணனையாளரின் ஒரு சொல்லுமின்றிப் 'புயல்' என்ற படமாக்கினார். விளக்கவுரை என்னும் ஊன்றுகோலின்றியும் படம் நடந்தது.

அதன் பேறே 1965இல் வெளிவந்த 'இப்பொழுதே'. ஏறத்தாழ ஆறு நிமிடப் படம். அமெரிக்க வணிகத் தடையால் பிலிமுக்கும் பஞ்சமான காலம் அது. அமெரிக்கப் புகைப்படங்களையும் செய்திப்பட நறுக்குகளையும் எடுத்து, கறுப்பினப் பாடகி லீனா ஹோர்ன் பாடிய பாட்டொன்றின் தாளத்துக்கு இசைய வெட்டி ஒட்டினார். பொலிசாரின் தடியும், அடிபட்டு இழுபடும் கறுப்பின மக்களும் அந்தத் தாளத்திலே வந்து மோதுகின்றனர். முடிவில் துப்பாக்கிக் குண்டுகளே துளைத்துத் துளைத்துப் படத்தின் பெயரை எழுதுகின்றன. எதிரியின் வீட்டுப் படங்களே எதிரிக்கெதிரான சாட்சியாயின. இதில் உருவம் எது, உள்ளடக்கம் எது என்று பிரித்துக்காட்ட வல்லவர் யார்?

1966 டிசம்பர் 13ஆந் திகதி ஹனோய் மீது விழுந்த குண்டுகளைப் பற்றிய படம் மறு ஆண்டு வந்தது. அமெரிக்க ஜனாதிபதி ஜோன்சனைச் சாடும் படம் 1968இல் வந்தது. ஹோ சி மின் மறைந்த 1969இல் '79 வசந்தங்கள்'. மலர் விரியும் காட்சியை அடுத்துக் குண்டு விழுகிறது; இறுதியிலோ பிலிமே கிழிந்து எரிகிறது. சோஷலிச முகாமின் பிளவையும் அப்படம் நேர்நின்று எச்சரித்தது. தம் பக்கத்தாரை நோக்கியே விரல் நீட்ட அன்று அவருக்குத் துணிவிருந்தது.

இவ்விடத்தில் முற்போக்கு நண்பர்களுடனும் நமக்கு ஒரு வழக்குண்டு. அல்வாரெஸ் எடுத்தவை யாவும் ஒரே தரத்தன என்று அவர்கள் புகழ்கின்றனர். 1971இல் பிடல் காஸ்ட்ரோ சிலி நாட்டிற் செய்த பயணத்தைப் பற்றி மறு ஆண்டு வந்த படம் மூன்று மணி நேரத்தையும் தாண்டுகிறது. அதை 'இப்பொழுதே'யின் அருகில் வைத்துப் பாருங்கள். கொள்கை அதேதான், தளர்ச்சிக்குக் கொள்கையின்மீது பழிபோட இயலாது. வாஷிங்டனின் படச்சுருள்களைத் தயங்காது வெட்டிய கத்தரிக்கோல், தன் தலைவரின் மேடைப் பேச்சருகே வந்ததும் கூசி நின்றுவிட்டது.