பனியன் கம்பெனிக்கு தகவல் போதும். சாயத்தண்ணி வந்தால் யாரை கேட்பது?

திருப்பூர்:
"தொழில் தொடங்க ஆபீஸ் ஆபீசாக அலைய வேண்டாம், நீங்களே பதிவு பண்ணிக்கலாம்" என்கிறார்கள். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அந்த கம்பெனிக்கு பக்கத்தில் குடியிருப்பவர் கதி?

2016-ம் ஆண்டு மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் தொழில்களை சிவப்பு, ஆரஞ்சு, பச்சை, வெள்ளை என்று 4 நிறமாக பிரித்தது. வெள்ளைக்கு வாரியத்தின் அனுமதி தேவையில்லை, தகவல் கொடுத்தால் போதும் என்றது. சாயம், சலவை இல்லாமல் பனியன் தயாரித்தால் வெள்ளை. சாயம் போட்டாலோ பிளீச்சிங் செய்தாலோ சிவப்பு.

இதில் தப்பு சொல்ல முடியாது. 4 பவர் டேபிள் போட்டு தைப்பவர் ஆற்றை கெடுக்கப்போவதில்லை. அவரை அலைய விட்டால் லஞ்சம்தான் வளரும்.

சிக்கல் எங்கே?

'நான் வெள்ளை' என்று சொல்வது கம்பெனிக்காரரே. பின்பக்கம் ஒரு சாயத்தொட்டி வைத்தால்? காகிதத்தில் அது தையல் கம்பெனிதான். ராத்திரியில் தண்ணி எங்கே போகிறது என்று யாருங்க பார்ப்பது?

பலருக்கு தெரியாத விஷயம் ஒன்று. 1974-ம் ஆண்டு தண்ணீர் மாசு தடுப்பு சட்டத்தின் 25-வது பிரிவுப்படி, கழிவுநீர் விட அனுமதி கொடுக்கும்போது விதித்த நிபந்தனைகளை வாரியம் ஒரு பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் நேரில் போய் அதை பார்க்கலாம். தகவல் மட்டும் கொடுத்த கம்பெனிக்கு அனுமதியும் இல்லை, நிபந்தனையும் இல்லை. அப்புறம் பதிவேட்டில் எதை பார்ப்பது?

நொய்யல் பாடம்

அனுமதி இருந்தால் மட்டும் ஆறு பிழைத்துவிடுமா? அதுவும் இல்லை. சட்டமும் வாரியமும் இருக்கும்போதேதான் நொய்யலில் சாயத்தண்ணி ஓடியது. பாசனத்துக்காக 1992-ல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. கோர்ட்டுக்கு போனது விவசாயிகள். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட சென்னை ஐகோர்ட்டு உத்தரவிட்டது. பட்டறையில் கூலிக்கு நின்றவர்களுக்கு வேலை போனது. நிலம் கெட்டது ஒருத்தருக்கு, பிழைப்பு கெட்டது இன்னொருத்தருக்கு. முன்கூட்டியே ஊர்க்கண் பட்டிருந்தால் இரண்டு பேருமே தப்பித்திருப்பார்கள்.

என்ன செய்யலாம்?

பெரிய திட்டங்களுக்கு 2006-ம் ஆண்டு விதிப்படி 30 நாள் முன்னறிவிப்பு கொடுத்து மக்கள் கருத்து கேட்பு கூட்டம் நடத்துகிறார்கள். உள்ளூர் மொழியில் சுருக்கமும் வைக்க வேண்டும். சின்ன கம்பெனிக்கு கூட்டம் வேண்டாம். 'இந்த கதவு எண்ணில் இந்த தொழில், வெள்ளை' என்று தமிழில் ஒரு பட்டியலை ஊராட்சி, வார்டு அலுவலகத்தில் ஒட்டினாலே பாதி தப்பு நடக்காது.

அதுவரைக்கும் தகவல் உரிமை சட்டம் இருக்கு. 10 ரூபாய் கட்டி மனு போட்டு, உங்க தெரு கம்பெனி என்ன நிறம் என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

பதிவு செய்வது முதலாளி வேலை. சரிபார்ப்பது ஊர் வேலை.