வார ஊசியின் விலை இறங்குகிறது: காப்பீடு இல்லாத குடும்பங்கள் என்ன செய்வது?

"வாப்பாவுக்கு எத்தனை மாத்திரை போட்டும் சர்க்கரை இறங்க மாட்டேங்குது. வாரத்துக்கு ஒரு ஊசி வந்திருக்காமே, அதைப் போடலாமா?"

தூத்துக்குடி, காயல்பட்டினம், குலசேகரன்பட்டினம் என நம் கடற்கரை ஊர்களின் வீடுகளில் இப்போது அடிக்கடி எழும் கேள்வி இது. வளைகுடாவில் இருக்கும் மகன் வாட்ஸ்அப்பில் ஒரு காணொளியை அனுப்புகிறார். கல்யாண வீட்டில் யாரோ இருபது கிலோ குறைந்த கதையைச் சொல்கிறார்கள். மறுநாள் மருந்துக் கடையில் விலையைக் கேட்டதும் பேச்சு நின்றுவிடுகிறது.

இது வசதி படைத்தவர்களின் கவலை என்று ஒதுக்கிவிட முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வின்படி, நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதம் பேருக்கு. ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவர் என்றால், நம் குடும்பங்களில் இந்த நோய் எட்டிப் பார்க்காத வீடு குறைவு.

ஊசியும் அதன் விலையும்

பேசப்படும் மருந்துகள் முக்கியமாக இரண்டு. ஒன்று செமாக்ளூடைட். டென்மார்க்கின் நோவோ நார்டிஸ்க் நிறுவனம் இதைச் சர்க்கரை நோய்க்கு ஒஸெம்பிக் என்றும், உடல் எடைக்கு வெகோவி என்றும் விற்கிறது. மற்றொன்று அமெரிக்காவின் எலி லில்லி தயாரிக்கும் டிர்ஸெபடைட். இதன் பெயர் மவுஞ்சாரோ. சாப்பிட்டதும் குடலில் இயல்பாகச் சுரக்கும் ஹார்மோன்களைப் போல இவை வேலை செய்கின்றன. பசி குறைகிறது, வயிறு நிறைந்த உணர்வு நீடிக்கிறது, தேவையான நேரத்தில் இன்சுலின் சுரக்கிறது. பலன் உண்மையானது. செமாக்ளூடைட்டை வைத்து நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், 68 வாரங்களில் சராசரியாக 15 சதவீத எடை குறைந்தது.

இனி விலை. மவுஞ்சாரோ 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தபோது 5 மில்லிகிராம் குப்பி ஒன்று 4,375 ரூபாய். வாரம் ஒன்று வீதம் 52 வாரங்களுக்கு 2,27,500 ரூபாய் ஆகிறது. அதே ஆண்டு டிசம்பரில் ஒஸெம்பிக் வந்தபோது அதன் தொடக்க அளவு வாரத்துக்கு 2,200 ரூபாயாக இருந்தது. அளவைக் கூட்டும்போது செலவும் கூடும்.

இதோடு இன்னொரு கணக்கையும் பக்கத்தில் வைப்போம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர, குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அதாவது, அரசே ஏழை என்று ஏற்றுக்கொள்ளும் ஒரு குடும்பத்தின் கிட்டத்தட்ட இரண்டு வருட வருமானம் ஒருவருடைய ஒரு வருட ஊசிக்கே போய்விடும். உப்பளத்தில் வேலை செய்பவரும், துறைமுகத்துக்கு லாரி ஓட்டுபவரும் இந்தக் கணக்கை எப்படிச் சமாளிப்பார்கள்?

காப்பீடு ஏன் கைகொடுக்கவில்லை?

"அட்டைதான் இருக்கிறதே" என்று பலர் நினைக்கிறார்கள். முதலமைச்சர் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. ஆனால் அது மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைகளுக்கானது. மாதா மாதம் கடையில் வாங்கும் மருந்துக்கு அதில் இடமில்லை. தனியார் பாலிசிகளில் பெரும்பாலானவையும் இப்படித்தான். முன்பே சர்க்கரை நோய் இருப்பவர் புதிதாகப் பாலிசி எடுத்தால், அந்த நோய் தொடர்பான சிகிச்சைக்கு மூன்று ஆண்டுகள் வரை காத்திருக்க வைக்கலாம். 2024 வரை இது நான்கு ஆண்டுகளாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டதும் நல்ல செய்திதான். ஆனால் இவை எதுவும் மருந்துக் கடை ரசீதைக் குறைக்காது.

கால் அழுகி, சிறுநீரகம் பழுதாகிக் கட்டிலில் படுத்தால் காப்பீடு வரும். அந்த நிலைக்குப் போகாமல் தடுக்கும் மருந்துக்கு வராது. நம் காப்பீட்டு முறையின் பெரிய ஓட்டை இதுவே. 2021-22 தேசிய சுகாதாரக் கணக்குப்படி, நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் மக்கள் தம் கையிலிருந்து கொடுப்பது.

ஒரு விதிவிலக்கு உண்டு. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும், ஈ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ள தொழிலாளர்களுக்கும் குடும்பத்தாருக்கும் ஈ.எஸ்.ஐ. மருந்தகங்களில் வெளிநோயாளி மருந்துகளும் கிடைக்கும். இந்த ஊசி அங்கே கிடைக்கிறதா என்பதைக் கேட்டுத்தான் அறிய வேண்டும். ஆனால் வழக்கமான சர்க்கரை மருந்துகளை அங்கே வாங்காமல் வெளியே காசு கொடுத்து வாங்கும் குடும்பங்கள் நம்மில் நிறைய.

கப்பல் கட்டணம் சொல்லும் பாடம்

காப்பீடு இல்லாத இடத்தில் ஏழைக்குத் துணை நிற்பது போட்டி. இது நம் ஊருக்குப் புதிய பாடமில்லை. 1906-ல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியபோது தூத்துக்குடி - கொழும்பு வழியைத் தன் கையில் வைத்திருந்தது பிரிட்டிஷ் கம்பெனி. 8,000 பங்குகளை இரண்டு லட்சம் ரூபாய்க்கு வாங்கி அந்தச் சுதேசி முயற்சிக்குத் தோள் கொடுத்தவர் ஹாஜி முகமது பக்கீர் சேட். எதிரே ஒரு கப்பல் வந்ததும் பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தை மளமளவென்று இறக்கியது. இரக்கத்தால் இறக்கவில்லை, போட்டியால் இறக்கியது. வ.உ.சி. சிறை சென்றதும் அந்தப் போட்டி அடங்கிப் போனது. இன்று நம் துறைமுகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மருந்திலும் அதுவே நடக்கிறது. எம்பாக்லிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரை ஒன்று சுமார் 60 ரூபாய்க்கு விற்றது. 2025 மார்ச்சில் அதன் காப்புரிமை முடிந்ததும் பல இந்திய நிறுவனங்கள் அதைத் தயாரித்தன. விலை 10 ரூபாய் அளவுக்கும் அதற்குக் கீழும் வந்தது. போட்டி நெருங்குகிறது என்றதுமே, 2025 நவம்பரில் வெகோவியின் விலையை நோவோ நார்டிஸ்க் 37 சதவீதம் வரை குறைத்தது. செமாக்ளூடைட்டின் இந்தியக் காப்புரிமை 2026 மார்ச்சில் முடிந்துவிட்டது. இந்திய நிறுவனங்களுக்கு வழி திறந்திருக்கிறது. டிர்ஸெபடைட்டின் காப்புரிமை முடிய இன்னும் பல ஆண்டுகள் ஆகும். இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டு மருத்துவரிடம் பேசுவது நம் பையைக் காக்கும்.

ஆரம்பிக்கும் முன் யோசிக்க வேண்டியவை

முதல் கேள்வி, "இந்த மாதம் வாங்க முடியுமா?" என்பதாக இருக்கக் கூடாது. "மூன்று வருடம் தொடர முடியுமா?" என்பதாக இருக்க வேண்டும். ஊசியை நிறுத்தியவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே வருடத்தில் திரும்பி வந்தது. நகையை அடகு வைத்து நான்கு மாதம் போட்டு நிறுத்தினால், நகையும் போகும், எடையும் திரும்பும்.

இரண்டாவது, எடைக்காகக் கேட்கிறோமா, சர்க்கரைக்காகக் கேட்கிறோமா? அழகுக்காக ஐந்து கிலோ குறைக்க நினைப்பவருக்கான மருந்து இது இல்லை. மாத்திரைக்கு அடங்காத சர்க்கரை, இதய நோய், சிறுநீரகப் பாதிப்பு உள்ளவருக்குத்தான் முன்னுரிமை. உலக சுகாதார நிறுவனம் 2025 செப்டம்பரில் இம்மருந்துகளை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்ததும், சர்க்கரை நோயோடு இவையும் உள்ளவர்களை மனதில் வைத்தே.

மூன்றாவது, அடிப்படை சிகிச்சையை விட்டுவிடக் கூடாது. மெட்ஃபார்மின் போன்ற மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசம். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் அவற்றை வீட்டுக்கே கொண்டுவந்தது. 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும், மக்கள் மருந்தகங்களிலும் ஜெனரிக் மாத்திரைகள் குறைந்த விலையில் கிடைக்கின்றன. இன்சுலின் போடுபவர், புதிய ஊசி வந்துவிட்டது என்று தானாகவே இன்சுலினை நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

நான்காவது, மலிவு என்று எங்கிருந்தோ வாங்கக் கூடாது. போலி ஒஸெம்பிக் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் எச்சரிக்கை விடுத்தது. வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வைத்துக் கொடுத்தனுப்புவதும் நல்லதல்ல. பிரிக்காத ஊசி குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் காரில் ஒரு மதியம் கிடந்தால் மருந்தின் வீரியம் கெட்டுப்போகலாம். குப்பியில் வரும் மருந்தைச் சிரிஞ்சில் எடுக்கும்போது அளவு தவறும் அபாயமும் உண்டு. முதல் முறை செவிலியர் முன்னிலையில் பழகிக்கொள்ள வேண்டும்.

குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் ஆகியவை பலருக்கும் வரும். கணைய அழற்சி வந்தவர்கள், குடும்பத்தில் குறிப்பிட்ட வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைக்குத் திட்டமிடும் பெண்கள் இதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

ரமலானும் ஹலாலும்

"இது பன்றியிலிருந்து எடுப்பதா?" என்று கேட்பவர்கள் உண்டு. பழைய கால இன்சுலின்களில் அப்படி இருந்ததால் எழும் கேள்வி. நோவோ நார்டிஸ்கின் செமாக்ளூடைட் ஈஸ்ட் மூலம் உருவாக்கப்படுகிறது. டிர்ஸெபடைட் ரசாயன முறையில் தயாராகிறது. மற்ற நிறுவனங்களின் தயாரிப்பில் சந்தேகம் இருந்தால் மருந்தாளுநரிடம் கேட்கலாம்.

வாரம் ஒரு முறை என்பதால் ரமலானில் இஃப்தாருக்குப் பின் போட்டுக்கொள்ள முடியும். ஆனால் நோன்பு நெருங்கும்போது புதிதாக ஆரம்பிப்பதும் அளவைக் கூட்டுவதும் வேண்டாம். வாந்தியும் நீரிழப்பும் நோன்பில் கடுமையாகும். சர்க்கரையைத் தாழ்த்தும் வேறு மாத்திரையோ இன்சுலினோ சேர்ந்திருந்தால், ரமலானுக்குப் பல வாரங்கள் முன்பே மருத்துவரைப் பார்த்து அளவை மாற்றிக்கொள்ள வேண்டும்.

ஜமாஅத் என்ன செய்யலாம்?

பைத்துல்மாலிலிருந்து இந்த ஊசிக்கு உதவி கேட்டு இனி மனுக்கள் வரும். நம் கருத்து இது: ஒருவருக்கு ஒரு வருட விலை உயர்ந்த ஊசி வாங்கும் பணத்தில் எத்தனையோ பேருக்கு இன்சுலினும், மூன்று மாதச் சராசரிச் சர்க்கரைப் பரிசோதனையும், கண் மற்றும் கால் பரிசோதனையும் செய்து கொடுக்கலாம். முதலில் அதைச் செய்வோம். அதன்பின், சிறப்பு மருத்துவர் எழுத்தில் பரிந்துரைத்த, வேறு வழியில்லாத நோயாளிக்கு ஜெனரிக் ஊசி வாங்க உதவலாம். அந்த உதவியும் பாதியில் நின்றுவிடாமல் ஒரு வருடத்துக்கான பணத்தை ஒதுக்கிய பிறகே தொடங்க வேண்டும். ஜகாத் நிதியை எப்படிச் செலவிடுவது என்பதை ஊர் ஆலிம்களிடம் கேட்டு முடிவு செய்வது நல்லது.

அரசிடம் வைக்க வேண்டிய கோரிக்கையும் இருக்கிறது. போட்டியால் விலை இறங்கிய பிறகு, தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாகக் கொள்முதல் செய்து, மிகவும் தேவைப்படும் நோயாளிகளுக்கு தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில் கொடுக்க வேண்டும். காப்பீட்டில் வெளிநோயாளி மருந்துக்கும் இடம் வேண்டும். வேட்பாளர்கள் ஓட்டுக் கேட்டு வரும்போது, தெருவிளக்கோடு இதையும் சேர்த்துக் கேட்போம்.

அதுவரை, விலையைக் கேட்டு மனமுடைந்து திரும்பும் வாப்பாவிடம் ஒன்றைச் சொல்லலாம். சர்க்கரையைக் கட்டுப்படுத்த வழி அந்த ஊசி மட்டும் இல்லை. இலவச மாத்திரையும், மஃரிபுக்குப் பின் அரை மணி நேர நடையும், தட்டில் குறைந்த சோறும் இன்றே தொடங்கக் கூடியவை. ஊசி தேவைப்படும் நாள் வந்தால், அப்போது விலை இன்னும் இறங்கியிருக்கும், இன்ஷா அல்லாஹ்.