'சாப்பிட்டா என்ன நஷ்டம்?'

என்எம்என் மாத்திரை விழுங்கும் என் சக பொறியாளர்களிடம் பலனுக்கு ஆதாரம் கேட்டால், சுற்றிச் சுற்றிக் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறார்கள்: "சாப்பிட்டா என்னப்பா நஷ்டம்?"

அவர்கள் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். செல்கள் ஆற்றலை உண்டாக்கவும் சிதைந்த டிஎன்ஏவைச் செப்பனிடவும் என்ஏடி என்ற மூலக்கூறு வேண்டும். வயது ஏற ஏறப் பல திசுக்களில் அது குறைகிறது. என்எம்என் சாப்பிட்டால் ரத்தத்தில் அது கூடுகிறது. 2021இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வில், நீரிழிவின் விளிம்பில் இருந்த பெண்கள் தினம் 250 மில்லிகிராம் வீதம் 10 வாரம் சாப்பிட்டார்கள். அவர்களது தசைகள் இன்சுலினுக்கு முன்பைவிட நன்றாகச் செவிசாய்த்தன. நல்ல செய்திதான். ஆனால் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களையும் சேர்த்து மொத்தமே 25 பேர். ரத்தச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் குறையவில்லை. இதிலிருந்து 'இளமை திரும்பும்' என்ற விளம்பரத்துக்கு எப்படித் தாவினார்கள்?

இந்தப் படத்தை நாம் ஏற்கெனவே பார்த்தாயிற்று. திராட்சைத் தோலில் இருக்கும் ரெஸ்வெரட்ராலை நம்பி வளர்ந்த சர்ட்ரிஸ் நிறுவனத்தை 2008இல் 72 கோடி டாலருக்கு வாங்கியது கிளாக்சோ. 2013இல் மூடிவிட்டது. அமெரிக்க தேசிய முதுமை நிறுவனத்தின் சோதனைகளில், சாதாரண தீனி தின்ற எலிகளின் ஆயுளை ரெஸ்வெரட்ரால் நீட்டவில்லை.

சரி, நஷ்டத்துக்கு வருவோம். பீட்டா கரோட்டினும் 'என்ன நஷ்டம்' ரகம்தான், கேரட்டில் இருப்பதுதானே! ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் 29,000 ஆண்களிடம் சோதித்தார்கள். 1994இல் முடிவு வந்தபோது, அதைச் சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். வைட்டமின் ஈ மாத்திரை புராஸ்டேட் புற்றுநோயை 17 சதவீதம் கூட்டியது 2011இல் தெரிந்தது. பல்லாயிரம் பேரைப் பல வருடம் பார்த்ததால்தான் இவை அகப்பட்டன. என்ஏடி புற்றுநோய் செல்லுக்கும் தேவை. அதன் உற்பத்தியைத் தடுக்கும் பொருட்களைப் புற்றுநோய் மருந்தாகவே சோதித்திருக்கிறார்கள். அதைக் கூட்டும் மாத்திரையைப் பத்து வருடம் விழுங்கினால் என்ன ஆகும் என்று அந்த அளவில் யாரும் பார்க்கவில்லை.

லாக் எழுதாத சர்வரைக் காட்டி "எரர் எதுவும் வரலையே" என்று சொல்பவனை நம் டீமில் ஒரு நாள் வைத்துக்கொள்வோமா?

அமெரிக்காவின் 1994 சட்டப்படி, துணை உணவு விற்பவர் அது பலன் தரும் என்று விற்பனைக்கு முன் நிரூபிக்க வேண்டியதில்லை. சோதனையை நாம்தான், கைக்காசு போட்டு, நம் உடம்பிலேயே நடத்துகிறோம். யாரும் குறிப்பெடுக்காததால் அது சோதனைகூட இல்லை. எனவே என்ன நஷ்டம் என்று என்னைக் கேட்காதீர்கள். விற்பவரைக் கேளுங்கள்: எத்தனை பேரை, எத்தனை வருடம் பார்த்தீர்கள்?