சிறுத்தைக்குக் கணக்குண்டு, தோட்ட மக்களுக்கு?

மலைநாட்டு மழைக்காடுகளிலே இன்று ஒரு புதிய காவலாளி நிற்கிறான். அவன் உண்பதில்லை, உறங்குவதுமில்லை. மரத்திலே கட்டிவைக்கப்பட்ட கமராப் பொறியே அவன். உடற்சூடுள்ள உயிரொன்று முன்னால் அசைந்ததும் அது தானே இயங்கிப் படம்பிடித்துவிடுகிறது. சிறுத்தையின் புள்ளிகள் மனிதனின் கைரேகை போன்றவை. ஒன்றினுடையது மற்றொன்றுக்கு அமையாது. ஆகவே பாதையின் இருமருங்கிலும் கமரா வைத்து இரு விலாக்களையும் படம்பிடித்தால், ஒவ்வொரு விலங்கையும் தனித்தனியே அடையாளங் காணலாம். கருநாடகத்தின் நாகரகொளைக் காட்டில் 1990களில் உல்லாஸ் காரந்த் புலிகளைக் கணக்கிட்ட இம்முறையே இன்று நம் நாட்டுச் சிறுத்தைகளுக்கும் பயன்படுகிறது.

இக்காவலாளி கூறும் செய்தி யாது? சிறுத்தை காப்புக்காட்டின் எல்லைக் கல்லை மதித்து நடப்பதில்லை என்பதே. பொகவந்தலாவைப் பகுதியில் அஞ்சலி வட்சன், அன்ட்ரூ கிட்டில் ஆகியோர் நடத்திய ஆய்வுகள், தோட்டங்களுக்கு இடையே எஞ்சியுள்ள காட்டுத் துண்டுகளிலும் மலைமுகடுகளிலும் அது நடமாடுவதைக் காட்டின. லயன் அறைகளின் வாசலில் நாயை இழந்த தொழிலாளிக்கு இது புதுமையன்று. அவன் சொன்னபோது கதையாக இருந்தது, கமரா சொன்னபோது ஆராய்ச்சியாயிற்று.

ஆனால், படம்பிடிப்பது வேறு, பாதுகாப்பது வேறு. 2019இல் வனஜீவராசிகள் திணைக்களத்தின் கமராவில் கருஞ்சிறுத்தை பதிவாயிற்று, நாடே மகிழ்ந்தது. அடுத்த ஆண்டு மே மாதத்திலே நல்லதண்ணிப் பகுதித் தேயிலைத் தோட்டமொன்றில் ஒரு கருஞ்சிறுத்தை கம்பிச் சுருக்கிலே கழுத்து மாட்டித் தவித்தது. உடவளவைக்குக் கொண்டு சென்று சிகிச்சை அளித்தும் சில நாட்களில் அது மாண்டது. கமரா எண்ணும், கம்பியை அறுக்க அதற்குக் கையில்லை.

அந்தக் கை யாருடையது? அம்மலைச்சரிவிலே வாழும் தோட்டத் தமிழனுடையது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாகக் காட்டை அழிக்க முடிவு செய்தவர்கள் வெள்ளைத் துரைமார். வியர்வை சிந்தியவர்கள் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட நம்மவர்கள். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அம்மக்களை நாட்டின் கணக்கிலிருந்தே நீக்கியது. 2010இல் சிவனொளிபாதமலைக் காடுகள் மத்திய மலைநாட்டின் பகுதியாக உலக மரபுரிமையாயின. அக்காட்டின் ஓரத்திலே தலைமுறை தலைமுறையாக வாழ்வோருக்கு இன்றும் சொந்தக் காணியில்லை.

சுருக்கு வைப்பவர்கள் தோட்டத்திலேயே இருக்கிறார்களே என்று கேட்பார்கள். சிலர் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அக்கம்பி பெரும்பாலும் பன்றிக்கு வைக்கப்படுவது. காய்கறிப் பாத்தியை ஓரிரவிலே கிளறிவிடும் பன்றியைப் பற்றி வன்னி விவசாயிக்கும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கின்றது, குற்றவாளியைத் தண்டிக்கட்டும். ஆனால், அச்சட்டம் வந்து தலைமுறைகள் கடந்தும் சுருக்கு ஒழியவில்லையே! தண்டனை மட்டும் காட்டைக் காக்காது என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

கமரா இன்னொன்றையும் செய்கிறது. சிறுத்தை நடக்கும் பாதையிலே விறகு பொறுக்கப் போகும் பெண்ணும் படத்தில் விழுகிறாள். ஆராய்ச்சிக்கென்று வைத்த கண் ஏழையை வேவுபார்க்கும் கண்ணாக மாறினால், மக்கள் கமராவையும் பகைப்பர்; அது காக்க வந்த விலங்கையும் பகைப்பர்.

ஆகவே நாம் கேட்பவை நான்கு. சிறுத்தை எந்தப் பாதையில் எந்நேரம் நடக்கிறது என்று கமரா அறிந்ததைத் தோட்ட மக்களுக்குத் தமிழிலே அறிவிக்க வேண்டும். 1987ஆம் ஆண்டின் 13ஆம் திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழியன்றோ! கமரா காக்கவும் கம்பிச் சுருக்குகளைத் தேடி அகற்றவும் தோட்டத்து இளைஞர்களையே ஊதியத்துடன் நியமிக்க வேண்டும். கொழுந்து பறிக்கையிலே சிறுத்தையால் காயமுற்றவருக்குத் தாமதமின்றி நட்டஈடு வழங்க வேண்டும். மனிதர் விழுந்த படங்களை எவருக்கும் காட்டாது அழித்துவிட வேண்டும்.

இவற்றுக்கு ஆகும் செலவு பெரிதன்று. சிறுத்தையும் தொழிலாளியும் ஒரே சரிவிலே வாழ்கின்றனர். ஒருவரை விலக்கி மற்றவரைக் காக்க இயலாது. காட்டின் கணக்கு எழுதுவோர் அம்மனிதனையும் அதிலே சேர்த்தெழுதட்டும்; அன்றுதான் அக்கணக்கு நேராகும்.