அப்பாவுக்கு அலர்ஜியா?

மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதே என்பார்கள். கடைவாய்ப் பல்லுக்கும் இதயத்துக்கும் தாராளமாகப் போடலாம். பல்லைப் பிடுங்கும்போது வாயில் சும்மா கிடக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமிகள் ரத்தத்தில் கலக்கின்றன. உங்களுக்கும் எனக்கும் பெரும்பாலும் பிரச்னையில்லை, உடம்பே துரத்திவிடும். ஆபரேஷன் செய்து செயற்கை வால்வு வைத்துக்கொண்டவருக்கு அப்படியில்லை. கிருமி வால்வில் குடியேறினால் எண்டோகார்டைடிஸ். உயிருக்கே உலை.

அதைத் தடுக்கத்தான் பல் டாக்டர் கை வைப்பதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் முன்பு 2 கிராம் அமாக்ஸிசிலின். ஒரே வேளை. (பைபாஸ், ஸ்டென்ட் மட்டும் செய்துகொண்டவர்களுக்கு வழக்கமாக இது தேவையில்லை.)

இங்கேதான் சிக்கல். "அலர்ஜி உண்டா?" என்பார் டாக்டர். "சின்ன வயசுல பென்சிலின் ஊசி போட்டப்ப தலை சுத்திச்சுங்க" என்பார் அப்பா. பென்சிலின் குடும்பத்தில் அமாக்ஸிசிலினும் சேர்த்தி. உடனே வேறு மருந்து. பல வருஷம் அந்த வேறு மருந்து கிளிண்டாமைசின். இங்கிலாந்தில் 2015-ல் ஒரு கணக்கு வெளியானது. இப்படி முன்ஜாக்கிரதையாகத் தந்த கிளிண்டாமைசினில் பத்து லட்சம் சீட்டுக்கு 13 சாவு. அமாக்ஸிசிலினில் சுமார் முப்பது லட்சம் சீட்டுக்கு ஒன்றுகூட இல்லை. கிளிண்டாமைசின் குடலில் இருக்கும் நல்ல கிருமிகளைக் காலி செய்ய, டிஃபிசில் என்ற ரவுடிக் கிருமி புகுந்து வயிற்றுப்போக்கில் ஆளைச் சாய்த்துவிடும். 2021-ல் அமெரிக்க இதயச் சங்கம் இந்த உபயோகத்திலிருந்து அதைக் கழற்றி விட்டது. அஸித்ரோமைசின், டாக்ஸிசைக்ளின் என்று மாற்று இருக்கிறது.

பென்சிலின் அலர்ஜி என்று சொல்பவர்களைச் சோதித்துப் பார்த்தால் பத்துக்கு ஒன்பது பேருக்கு அலர்ஜியே கிடையாது. அதற்காக வீட்டில் சோதனை வேண்டாம் சார்! மருந்து உள்ளே போன ஒரு மணிக்குள் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், மூச்சுத் திணறல் என்றால் அது அசல் அலர்ஜி. ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். லேசான குமட்டல் அலர்ஜி அல்ல.

ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் மூன்றே கேள்வி. என்ன மருந்து? எவ்வளவு நேரத்தில்? என்ன ஆச்சு? ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அவர் சட்டைப் பையில் வையுங்கள். பல் டாக்டரும் இதய டாக்டரும் அதைப் பார்த்து முடிவு செய்யட்டும். ஆபீஸில் எதற்கெல்லாமோ மெமோ எழுதுகிறோம், இதற்கு ஒன்று எழுதலாம்.