நீந்தத் தெரியாதது யார் குற்றம்?

2023 ஏப்ரல் 5. கோவிலம்பாக்கத்திலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் மூவரசம்பட்டுக் குளத்தில், நங்கநல்லூர் தர்மலிங்கேசுவரர் கோயிலின் தீர்த்தவாரி நடந்தது. சாமியோடு குளத்தில் இறங்கியவர்களில் ஒருவர் ஆழத்தில் சிக்கினார். காப்பாற்றப் போனவர்களும் சிக்கினார்கள். இருபது வயதை ஒட்டிய ஐந்து இளைஞர்கள் பிணமாக மீட்கப்பட்டார்கள்.

அந்தச் சடங்கில் நமக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அந்த ஐந்து உயிர்களுக்காக நாம் வருந்துகிறோம். ஒருவரைக் காக்கப் போய் அடுத்தடுத்து மூழ்குவது குளத்திலும் ஏரியிலும் கடலிலும் திரும்பத் திரும்ப நடக்கிறது. ஒவ்வொரு முறையும் 'விதி' என்கிறார்கள். விதி அல்ல, நீச்சலும் மீட்புமுறையும் சொல்லித்தராத சமூகத்தின் குற்றம். அந்தக் குற்றத்துக்கு ஒரு சாதி வரலாறு உண்டு.

நம் ஊர்களில் நீச்சல் எப்படிக் கற்றார்கள்? இடுப்பில் கயிறு கட்டி, முதுகில் சுரைக்குடுக்கை கட்டி, அப்பனோ மாமனோ கிணற்றில் இறக்கிவிட்டார்கள். சரி, கிணறு யாருடையது? நிலம் யாரிடம் இருந்ததோ அவரிடம்தான் கிணறும் இருந்தது. ஊர்ப் பொதுக்குளத்தின் படித்துறையில் சேரிப்பிள்ளை கால் வைத்தால் தீட்டு. ஆனால் ஏரியில் முங்கி மடை திறக்கவும், சேற்றில் இறங்கித் தூர் வாரவும் அதே சேரி ஆள்தான் வேண்டும். நீர்க்கட்டிகளாக ஏரி காத்தவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். வேலைக்காகத் தண்ணீரில் இறங்கலாம், குளிக்கவும் விளையாடவும் இறங்கக்கூடாது என்பதுதான் சாதியின் நீர்ச்சட்டம்.

இதை எதிர்த்த போராட்டம் நூறாண்டு பழையது. நம் செங்கல்பட்டு மண்ணில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், பொதுச்சாலை, கிணறு, குளம் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924இல் சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்தார். 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மகாத் சவுதார் குளத்தில் இறங்கி நீர் அருந்தினார். சாதி இந்துக்கள் மாட்டு மூத்திரமும் சாணமும் ஊற்றி அந்தக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். அரசியலமைப்பின் 15(2) பிரிவு கிணறு, குளம், குளிக்கும் படித்துறை என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதன் பின்னணி இதுதான்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1964இல் செயின்ட் அகஸ்டின் நகரத்தின் ஒரு விடுதிக் குளத்தில் கறுப்பின மக்களும் அவர்களின் தோழர்களும் இறங்கியபோது, விடுதி மேலாளர் தண்ணீரில் அமிலம் ஊற்றினார். சட்டம் மாறிவிட்டது. ஆனால் இன்றும் அங்கே கறுப்பினப் பிள்ளைகள் வெள்ளையரை விட அதிக விகிதத்தில் மூழ்கி இறக்கிறார்கள். பெற்றோருக்கு நீந்தத் தெரியாத வீட்டில் பிள்ளையும் பெரும்பாலும் கற்பதில்லை. தடை போன பிறகும் அச்சம் தலைமுறை தாண்டி நிற்கிறது.

இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் 38,000க்கும் மேற்பட்டோர் மூழ்கி இறந்ததாகத் தேசிய குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. வயதும் பாலினமும் அதில் இருக்கின்றன, சாதி இல்லை. எண்ணாத சாவுக்கு எப்படித் திட்டம் போடுவார்கள்?

இன்றைய கோவிலம்பாக்கத்தைப் பாருங்கள். இருநூறு அடி சாலையை ஒட்டி எழும் அடுக்ககங்களில் நீல ஓடு பதித்த நீச்சல் குளங்கள். அதே அடுக்ககத்தைக் கட்டிய கொத்தனாரின் பிள்ளைக்கும், அங்கே பாத்திரம் துலக்கும் அக்காவின் பிள்ளைக்கும் அதில் இடமில்லை. தனியார் பயிற்சிக்குக் கட்டணம் கட்ட வழியில்லை. அரசு நீச்சல் குளம் வேண்டுமென்றால் வேளச்சேரிக்குப் போக வேண்டும். கோடை விடுமுறையில் அந்தப் பிள்ளைகள் எங்கே போவார்கள்? கைவிடப்பட்ட கல்குவாரிக்குத்தான். நகரத்துக்குக் கல் வெட்டிக் கொடுத்துவிட்டு மூடாமல் விட்ட பள்ளம் அது. படி கிடையாது, சரிவும் கிடையாது, ஓரடி தாண்டினால் பாதாளம். 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் பள்ளிக்கரணையைச் சுற்றிய தெருக்களில் தண்ணீர் வீடு தேடி வந்ததையும் நாம் மறக்கவில்லை.

தீர்வுக்குப் பெரிய செலவு தேவையில்லை. வங்கதேசத்தில் ஊர்க்குளத்திலேயே மூங்கில் தளம் கட்டி, லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித் தந்தார்கள். பள்ளி வயதில் நீச்சலும், கரையில் இருப்பவர்களுக்கு மீட்புப் பயிற்சியும் தரவேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது. முதலில் மல்லாந்து மிதக்கவும் மூச்சை அடக்கவும் கற்றாலே பதற்றம் பாதி குறையும். நாற்பது வயதுப் பெண்ணும் கற்கலாம். அதற்குப் பெண் பயிற்சியாளரும் தனி நேரமும், சுடிதாரோடு இறங்கினாலும் கேலி செய்யாத சூழலும் வேண்டும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் வாளித் தண்ணீரும் திறந்த சம்ப்பும் கூட ஆபத்துதான். மூடி வையுங்கள்.

யாராவது மூழ்கினால் குதிக்காதீர்கள். கயிறு, வேட்டி, துப்பட்டா, காலிக் குடம், மூடிய பிளாஸ்டிக் கேன், எது கிடைத்தாலும் வீசுங்கள். 108ஐ அழையுங்கள். வெளியே எடுத்தவரைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றாதீர்கள், வயிற்றை அமுக்காதீர்கள். மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து ஊதி, நெஞ்சை அழுத்திக்கொண்டே இருங்கள். இதை ஒரு மணி நேரத்தில் கற்றுத்தரலாம்.

நம் கோரிக்கைகள் நான்கு. தென்சென்னைப் புறநகரின் அரசுப் பள்ளிகள் அனைத்திலும் நீச்சலைப் பாடமாக்க வேண்டும். கோவிலம்பாக்கம் பகுதியில் கட்டணமில்லாத பொது நீச்சல் குளம் அமைக்க வேண்டும். கைவிடப்பட்ட குவாரிகளுக்கு வேலியும் குளங்களுக்கு மிதவையும் கயிறும் வேண்டும். மூழ்கிய சாவுகளைச் சாதிவாரியாகக் கணக்கெடுக்க வேண்டும்.

குளத்தில் இறங்கும் உரிமைக்காக நம் முன்னோர் அடிபட்டார்கள். மகாத்தில் நீர் அருந்தித் திரும்பியவர்கள் தடியடி வாங்கினார்கள். அந்த உரிமை நம் பிள்ளைகளுக்குக் காகிதத்தில் மட்டும் இருந்தால் போதாது. அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் இந்தக் கோரிக்கைகளைத் தீர்மானமாகக் கொண்டு வாருங்கள், தோழர்களே.