பழைய கம்ப்யூட்டருக்கு என்ன விலை?

திருச்சி கைலாசபுரம், பெல் தொழிற்சாலை ஊழியர்களின் குடியிருப்பு. ஓய்வு பெறுகிறவர்கள் குவார்ட்டர்சைக் காலி செய்யும்போது, கட்டில், பீரோவோடு மேஜைக் கம்ப்யூட்டரும் விலைக்கு வருகிறது.

"40 ஆயிரம் கொடுத்து வாங்கியது. பாதியாவது வேண்டாமா?" என்பார் விற்பவர்.

அந்தக் கணக்கு சரியல்ல. அது இன்னும் எத்தனை ஆண்டு உழைக்கும்? அதுதான் கணக்கு!

விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு உதவி, 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு நின்றுவிட்டது. விண்டோஸ் 11-க்கு, இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-வது தலைமுறையாவது வேண்டும். அது வந்தது 2017-ல். அதற்கு முந்தியது பளபளத்தாலும், விலை குறையத்தான் வேண்டும்.

விலை பேசுவது எப்படி?

அதே வேலை செய்யும் புதியதன் இன்றைய விலை 30 ஆயிரம் என்று வையுங்கள். அது 6 ஆண்டு உழைக்கும், பழையது 2 ஆண்டு உழைக்கும் என்றால், 10 ஆயிரம் நியாயம். ரிப்பேர் செலவு இருந்தால் அதையும் கழிக்க வேண்டும்.

ஓடுகிற எந்திரத்தைப் பழைய இரும்பு விலைக்குக் கேட்பதும் நியாயம் அல்ல.

பிள்ளையின் படிப்புக்காகச் சீட்டுப் பணம் எடுத்து வாங்க வருகிற குடும்பமும் உண்டு. குறையை மறைத்தால் 2 ஆயிரம் கூடக் கிடைக்கலாம். பரீட்சை நேரத்தில் அது நின்றுபோனால், அழுவது அந்தப் பிள்ளை அல்லவா?

ஓட்டிக் காட்டுங்கள். குறையைச் சொல்லுங்கள். பிறகு விலை பேசுங்கள்!